ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை மாமா

எங்கள் மகள் போகும் பாலர் பள்ளியில் பெற்றோருக்குக் கொடுக்கும் தண்டனை சுண்டல். தப்புச் செய்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு சுண்டல் செய்து கொண்டுவர வேண்டும். சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஐந்து மாதமாக எனக்கு மட்டும் அந்தத் தண்டனை கிடைக்கவே இல்லை. அதனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக எங்கள் பக்கத்தில் ஒழுங்கான இடம் எதுவும் இல்லை. வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினால் வளைவுக்கு ஒரு வாந்தி. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய ஹால் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து நாமே ஒரு பள்ளி நடத்தலாம் என்று இறங்கிவிட்டோம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவாட்டர்ஸ்காரர்கள் சிலர், தோட்டத்தில் கேரட் போடும் படகர் சமூகத்துக்காரர் ஒருவர், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள், ஓர் ஆபீஸ் கிளார்க், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவி, டீ ஃபேக்டரி சூப்பர்வைசரான நான். ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் என்பதால் பிள்ளைகள் மொத்தம் பதிமூன்று.

டீச்சர் ஒருவர்தான். ஊட்டிப் பக்கம் காந்தலிலிருந்து பஸ் பிடித்து வருவார். பாட்டும் பாடமும் அவர் பொறுப்பு. மூக்குச் சிந்திவிடுவது, ஷூ மாட்டிவிடுவது, பால் ஆற்றிக் கொடுப்பது, சண்டை விலக்குவது, ஹாலைக் கூட்டுவது எல்லாம் பெற்றோர் பொறுப்பு. தினம் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். ஒரு முறை அம்மா வந்தால் அடுத்த முறை அப்பா. முதல் கூட்டத்திலேயே நான் எழுந்து, ஃபேக்டரியில் லீவு கிடைக்காது, என் முறைக்கும் என் மனைவியே வரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். டீச்சர் நிதானமாகக் கேட்டார்.

“ஏனுங்க, பாப்பாவுக்கு அப்பா இருக்காருல்லங்க?”

“இருக்கேனுங்க.”

“அப்ப நீங்களும் வரோணுமுங்க.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொடக்கத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. எந்த அம்மாவுடைய முறையோ, அவள் பிள்ளை வந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தங்கள் அம்மாவைக் கேட்டு அழ ஆரம்பித்துவிடும். ஒரு நாள் பதிமூன்றும் சேர்ந்து அழுததில் சர்ச்சிலிருந்து ஆள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கே டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை ஹாலுக்குள் இருக்கும் பெரியவர் யாராக இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆண் என்றால் மாமா, பெண் என்றால் அத்தை. பெற்ற பிள்ளையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். வாய் தவறி அம்மா என்றோ அப்பா என்றோ கூப்பிட்டுவிட்டால் மறுநாள் அந்த வீட்டுச் சுண்டல்.

சட்டம் போட்டதே மீறுவதற்குத்தான் என்பதுபோல ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சுண்டல் வந்தது. “எத்தனை தடவ சொல்லிக் கூட்டிட்டு வந்தேன், என்னப் பாத்ததும் அம்மான்னு ஓடி வந்துட்டானுங்க” என்று சலித்துக்கொண்டே ஒருத்தி தூக்கு வாளியைக் கொண்டுவந்து வைப்பாள். சலிப்பு வாயில்தான் இருக்கும். முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்த்தால் பிள்ளைக்குத் தங்க மெடல் கிடைத்தது போலத் தோன்றும். என் மனைவியே நான்கு தடவை கொண்டைக்கடலை ஊறவைத்துவிட்டாள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாக டீ ஃபேக்டரியில் இருக்கிறேன். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தக் குரல் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். உப்பை எடு என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வரும் அளவுக்கு இருக்கும். கோபமும் எனக்கு மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்தில் போகும். போனது எனக்குத் தெரியும். எதிரில் நிற்கிற நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தாலே என் மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். அதை நான் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் முறைக்கு முந்தின நாள், சமையலறையில் அவள் அம்மாவிடம் கெஞ்சுவது என் காதில் விழுந்தது.

“நாளைக்கு அப்பா வேண்டாம்மா. நீயே வா. அப்பா கத்துவாரு.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாளைக்குப் பார், உன் அப்பா எப்படி அசத்துகிறார் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஹாலுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லோரும் வரிசையில் நில்லுங்கள் என்று சொன்னதுதான். சாதாரணமாகத்தான் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் வீறிட்டு அழுதன. ஒரு பையன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். என் மகள் காதைப் பொத்தவில்லை. தூரத்தில் நின்றபடி, வேற்று ஆளிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்.

“மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

வீட்டில் என்னை வா, போ என்று பேசுகிறவள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். அன்று முழுக்க அவள் என்னை மாமா என்றே கூப்பிட்டாள். கதவில் விரல் நசுங்கியபோதுகூட அழுதுகொண்டே டீச்சரிடம் ஓடினாளே தவிர, பக்கத்தில் நின்ற என்னிடம் வரவில்லை.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. நான்காவது முறை முடிந்து கிளம்பும்போது டீச்சர் பாராட்டினார்.

“உங்க பாப்பா மாதிரி யாருமில்லீங்க. உங்க முறையில ஒரு நாள்கூட அவ தப்புப் பண்ணல.”

வெளியே வந்து பைக்கை உதைத்தேன். அது கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. என் மகள் சட்டத்தை மதிக்கவில்லை, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்துகிற இந்த ஆள் தன் அப்பா என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள். மற்ற அப்பாக்கள் வாளி வாளியாகச் சுண்டல் சுமந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பிடிக் கடலைக்கு வழி இல்லை. வயிறு எரிந்தது. எப்படியாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வாய் தவற வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஐந்தாவது முறை மழைக்காலத்தில் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து அன்று காலை சற்று விட்டிருந்தது. டீச்சர் உள்ளே காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் குஷிப்படுத்தினால் என் மகளும் சேர்ந்து குஷியாவாள் என்று கணக்குப் போட்டு, இலைக் கப்பல் விடலாம் வாருங்கள் என்று பதிமூன்று பேரையும் ஹாலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கப்பல் நன்றாகத்தான் போனது. கரை சரிவு என்பதை நான் மறந்துவிட்டேன். முதலில் ஒன்று வழுக்கியது. அதன் கையைப் பிடித்திருந்தது இரண்டாவதாக வழுக்கியது. ஒன்றைப் பார்த்து ஒன்று வேண்டுமென்றே வழுக்கியதும் உண்டு. ஐந்து நிமிஷத்தில் பதிமூன்று ஸ்வெட்டரும் செம்மண் நிறம்.

யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வந்த பெற்றோர் பிள்ளைகளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இந்த மழையில் கம்பளி காய நான்கு நாள் ஆகும் என்று ஒரு அம்மா முணுமுணுத்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எல்லாத்தையும் இங்க குடுங்க. நாளைக்குக் காலையில தொவச்சு, காய வச்சுக் கொண்டு வர்றேன்!”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கொழுந்துச் சாக்கில் பதிமூன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். என் திட்டம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாய்லரில் வேண்டிய மட்டும் வெந்நீர் இருக்கிறது. டிரையர் இருக்கிறது. டிரையர் என்றால் உள்ளே சுடச்சுடக் காற்று வீசும் பெரிய இரும்புப் பெட்டி. ஈரத் தூளாக உள்ளே போகும் தேயிலை, கறுத்துக் காய்ந்து வெளியே வரும். கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தேன். மண் கறை ஒன்று மிச்சமில்லை. சாயங்காலம் கடைசித் தூள் இறங்கியதும் சுத்தமான தட்டுகளில் ஸ்வெட்டர்களை விரித்து உள்ளே தள்ளினேன். காய்ந்ததும் எடுத்துக் கட்டிவைக்கும்படி பாய்லர்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு மறுநாள் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் தொடர் டியூட்டி. அவள் வீட்டில் இருந்திருந்தால் கதையே வேறு.

மறுநாள் காலை பாய்லர்காரர் கட்டிவைத்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதல் நாள் கொண்டுவந்ததில் பாதி அளவுகூட இல்லை. நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க என் தொழில்தான் காரணம். நாலு கிலோ பச்சை இலை உள்ளே போனால் ஒரு கிலோ தூள்தான் வெளியே வரும். எது காய்ந்தாலும் சின்னதாகும் என்று பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மூட்டை சிறுத்ததில் என்ன சந்தேகம் வரும்?

ஹால் வாசலில் எல்லாப் பெற்றோரும் நிற்கும்போது மூட்டையைப் பெருமையாகப் பிரித்தேன். கமகமவென்று டீத்தூள் வாசனை வந்தது. மேலே இருந்தது ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். கொழுந்து பறிக்கப் போகும் ஓர் அம்மா, ரெட்டைச் சடை போட்ட தன் மகளுக்காகத் தன் கையால் பின்னியது. மார்பில் ஒரு வெள்ளை வாத்து இருக்கும். அதை எடுத்து விரித்தேன். என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. வாத்து சிட்டுக்குருவி ஆகியிருந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொருவராக வந்து எடுத்துப் பார்த்தார்கள். கேரட் தோட்டக்காரர் தன் பையனின் ஸ்வெட்டரைக் கைமுட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளார்க் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்.

“நேத்து சேத்துல தள்ளி விட்டாரு. இன்னைக்கு ஸ்வெட்டர அவிச்சுக் கொண்டாந்திருக்காரு. டீச்சர், இனிமே இவரு வர வேண்டாமுங்க. இவிங்க ஊட்டுக்காரம்மா வந்தாப் போதும்.”

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். முதல் கூட்டத்தில் நானே கேட்டதுதான் இது. அன்றைக்குக் கிடைத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது அது எனக்கு வேண்டாம். வரவே கூடாது என்றால் அவள் வாய் தவறுவது எப்படி? காலம் முழுக்க அவளுக்கு நான் அந்த ஹாலில் ஒரு மாமாவாகவே முடிந்துவிடுவேன்.

டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஸ்வெட்டர் நம்மளுது இல்லீங்க, பிள்ளைங்களுது. அவிங்ககிட்ட இவரே மன்னிப்புக் கேக்கட்டும். அப்பறம் முடிவு பண்ணலாமுங்க.”

எங்கள் பள்ளியில் அதுவும் ஒரு பழக்கம். யாரையாவது கடித்தவன், யாருடைய பொம்மையையாவது உடைத்தவள், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் நடுவில் வந்து என்ன செய்தேன் என்று தானே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். பெரியவர் யாரும் அதுவரை நடுவில் உட்கார்ந்ததில்லை. எனக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. சுருங்கிய ஸ்வெட்டர்கள் எனக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. அதில் என் மகளுடைய நீல ஸ்வெட்டரும் ஒன்று. பெற்றோர் போகாமல் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் மகள் வட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச வாயைத் திறந்தேன். என் குரல் வரவில்லை. மிஷின் சத்தத்தையே அமுக்கும் குரல், அந்தப் பதிமூன்று முகங்களுக்கு முன்னால் காற்றாக வந்தது.

“உங்க ஸ்வெட்டர எல்லாம் நான் வெந்நியில போட்டுட்டேன். அப்பறம் சூட்டுல வச்சுட்டேன். கம்பளி சுருங்கும்னு எனக்குத் தெரியல. தப்புத்தான். என்னை மன்னிச்சுக்குங்க.”

ரெட்டைச் சடைக்காரி எழுந்து வந்து மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தாள். தலையில் மாட்டப் பார்த்தாள். காதுவரைகூட வரவில்லை. உதடு பிதுங்கியது.

“என் வாத்து… மாமா கெட்ட மாமா!” என்று அழுதாள்.

இன்னொருவன் அதைப் பிடித்துக்கொண்டான். நான்கு வயதுக்காரர்களுக்குப் பாட்டு ஒன்று கிடைத்துவிட்டால் போதும். கெட்ட மாமா, கெட்ட மாமா என்று பன்னிரண்டு பேரும் தொடையில் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். டீச்சர் கையைத் தூக்கினார். அதற்குள் என் மகள் எழுந்துவிட்டாள். விடுவிடுவென்று நடுவில் வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, என் தோளில் கையை வைத்தாள். பிறகு என் குரலில், ஆமாம், என்னுடைய அதே ஃபேக்டரிக் குரலில், ஹால் அதிரக் கத்தினாள்.

“மாமா இல்ல! இது எங்கப்பா!”

பாட்டு நின்றுவிட்டது.

“எங்கப்பா தெரியாமப் பண்ணிட்டாரு. மண்ண எல்லாம் நல்லாக் கழுவுனாருல்ல?”

ரெட்டைச் சடைக்காரி மூக்கை உறிஞ்சினாள். “அப்ப உங்கப்பா வேற வாத்து குடுப்பாரா?”

என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “குடுப்பாரு” என்றாள். “எல்லாத்துக்கும் குடுப்பாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புகை பட்டது என்று சொல்லிச் சமாளிக்க அங்கே ஓர் அடுப்புகூட இல்லை. கதவோரம் பார்த்தேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வர வேண்டாம் என்ற பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. டீச்சர்தான் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

“மணி ஒன்பதரைங்க. பாப்பா வாய் தவறிட்டா. நாளைக்கு உங்க ஊட்டுச் சுண்டலுங்க.”

வாக்குக் கொடுத்தது அவள், நிறைவேற்றியது நாங்கள் எல்லோரும். குன்னூர் மார்க்கெட்டில் பதிமூன்று பேருக்கும் கம்பளி நூல் வாங்கி வந்தேன். அம்மாக்கள் பகிர்ந்துகொண்டு பின்னினார்கள். என் கையில் ஊசி கொடுக்க யாருக்கும் தைரியம் வராததால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நூல் சுற்றிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் வாத்து வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்ததால் இன்றைக்குப் பதிமூன்று பேர் மார்பிலும் வாத்து இருக்கிறது. பழைய ஸ்வெட்டர்களை ஹாலில் இருக்கும் பொம்மைகளுக்குப் போட்டுவிட்டோம். பக்கத்தில் போனால் இன்னும் டீ வாசனை அடிக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் மனைவி வந்ததும் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கம்பளியை வெந்நீரில் போட்டாயா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதை விடு, நாளைக்கு நம் சுண்டல், எங்கே அந்தக் கடலை டப்பா என்று கேட்டேன். சந்தோஷத்தில் குரல் கூரையைத் தொட்டுவிட்டது. உள்ளேயிருந்து என் மகள் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பதிமூன்று பேருக்கு ஒரு கிலோ தாராளம். நான் மூன்று கிலோ ஊறப்போட்டேன். காலையில் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, வீட்டில் இருந்ததிலேயே பெரிய அண்டாவில் நிரப்பினேன். பைக்கில் வைக்க முடியவில்லை. ஒரு பக்கம் அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறுபக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறினேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், இவ்வளவு பெரிய அண்டாவில் என்ன என்று கேட்டார். என் மகள் வாங்கிக் கொடுத்த தண்டனை என்று சொன்னேன். டீக்கடைக்காரரிடம் சொன்னேன். சர்ச் வாசலில் கூட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.